பழைய காமிக்ஸ்: கிலோ 12 ரூபாயும் 60 லட்சம் டாலரும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அன்றே எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு மின்சாரக் கார், ஒருவனுக்கு ரோபோ, இன்னொருவனுக்கு சோலார் பேனல். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: பழைய பேப்பர். அதை எழுதலாமா என்று மலர்க்குழு அண்ணனிடம் கேட்டேன். "அதுல என்னடா பாடம் இருக்கு?" என்றார். இருக்கிறது அண்ணே, முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பா வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவர். லீவு நாளில் நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். வந்ததைப் பிரித்து வைப்பது என் வேலை. செய்தித்தாள் தனி, நோட்டு தனி, அட்டைப்பெட்டி தனி. புத்தகம் என்றால் எடைதான் விலை. திருக்குறள் உரைக்கும் டெலிபோன் டைரக்டரிக்கும் ஒரே ரேட்டு.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் ஒரு வீட்டிலிருந்து ஒரு சாக்கு வந்தது. நாலு கிலோ இருந்தது. கிலோ 12 ரூபாய் வீதம் அப்பா 48 ரூபாய் கொடுத்தார். உள்ளே மொத்தம் 27 காமிக்ஸ் புத்தகங்கள். பெரும்பாலும் 1980-களில் வந்த லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ், கொஞ்சம் ராணி காமிக்ஸ். அந்தச் சாக்கு கடைசியில் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

சிவகாசிக்கு வந்த மாயாவி

காமிக்ஸ் என்றால் நம் வயதுப் பிள்ளைகளுக்கு மார்வெல் படம்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் அப்பா, சித்தப்பா வயதுக்காரர்களிடம் "இரும்புக்கை மாயாவி" என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும். 1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே அதுதான். கதை இங்கிலாந்துக் கதை. 1962-இல் அங்கே 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் வந்தது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூடத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். (இ.இ.இ. நண்பர்கள் தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம்!)

1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அவருடைய மகன் விஜயன் அவர்கள் நம் வயதில் தொடங்கியது என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது. இதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்றால் அது முகமூடி போட்ட ஃபேண்டம், நம் இரும்புக்கைக்காரர் அல்ல. பழைய புத்தகம் மாற்றிக்கொள்கிறவர்கள் போனில் பேசும்போது எந்த மாயாவி என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

லயன் காமிக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தவன் ஸ்பைடர். சிலந்தி கடித்த பையன் இல்லை, இது வேறு ஆள். கூரான காது, கறுப்பு உடுப்பு, வலை வீசும் துப்பாக்கி. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆக வேண்டும் என்று கிளம்பி, பிறகு குற்றவாளிகளைப் பிடிக்கிறவனாக மாறுகிறவன். 1965-இல் இங்கிலாந்தின் 'லயன்' வாரப் பத்திரிகையில் வந்த கதை. ஆரம்பித்தவர் டெட் கோவன், ஓவியம் ரெக் பன். கொஞ்ச நாளில் எழுத்தாளர் மாறினார். புதிதாக எழுத வந்தவர் அமெரிக்காவிலிருந்து எழுதி அனுப்பிய ஜெர்ரி சீகல். யார் இந்த சீகல்? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்!

இதைப் படித்தபோது நான் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். உலகத்தின் முதல் சூப்பர் ஹீரோவை எழுதிய கை எழுதிய கதை, சிவகாசியில் தமிழாகி, எங்கள் ஊர் வீட்டுப் பரணில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்து, கிலோ 12 ரூபாய்க்கு என்னிடம் வந்திருக்கிறது.

130 டாலர்

ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் பள்ளி நண்பர்கள். சூப்பர்மேனை எடுத்துக்கொண்டு பல பத்திரிகைகளின் படியேறி இறங்கினார்கள். 1938-இல் ஒரு நிறுவனம் வாங்கியது. முதல் கதைக்கும், சூப்பர்மேன் மீதான முழு உரிமைக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை 130 டாலர். பாக்கி இருந்த வேறு வேலைகளுக்கும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே காசோலை. அதில் இருவர் பெயரையும் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். உரிமை கேட்டுப் பிறகு வழக்குப் போட்டார்கள், சூப்பர்மேன் திரும்பக் கிடைக்கவில்லை. கதைகளில் போட்டுவந்த பெயரும் நீக்கப்பட்டது. சீகல் வேறு வேலை தேடிய காலத்தில்தான் கடல் கடந்து ஸ்பைடரை எழுதினார்.

1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேன் படம் வந்தது. அதற்கு முன்பு, 1975-இல், பத்திரிகைகள் இந்த விஷயத்தை எழுத, நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தரவும், பெயரைத் திரும்பப் போடவும் ஒத்துக்கொண்டது. ஷஸ்டருக்கு அப்போது பார்வை மங்கிப்போயிருந்தது.

அந்த எழுத்துப் பிழைக் காசோலை என்ன ஆனது தெரியுமா? 2012-இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. கதைக்குக் கிடைத்தது 130, கதைக்குக் கொடுத்த காகிதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கணக்கு யாருக்காவது புரிந்தால் எனக்கும் சொல்லித் தாருங்கள்.

தூக்கிப் போட்டதால் வந்த விலை

சூப்பர்மேன் முதலில் வந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டை விலை 10 சென்ட். அச்சடித்தது சுமார் 2 லட்சம் பிரதிகள். இன்று மிஞ்சியிருப்பது நூறு அளவில்தான் என்கிறார்கள். அதன் ஒரு பிரதி 2014-இல் 32 லட்சம் டாலருக்கும், இன்னொரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. நம் பணத்தில் இரண்டாவது மட்டும் சுமார் 50 கோடி ரூபாய்.

மற்ற பிரதிகள் எங்கே போயின? எங்கள் அப்பா மாதிரி ஆட்களிடம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பழைய காகிதம் சேகரித்துக் கொடுப்பது தேசபக்தி. பிள்ளைகளே தெருத் தெருவாகப் போய்ச் சேகரித்தார்கள். கொடுத்ததில் அவர்களுடைய காமிக்ஸும் உண்டு. போர் முடிந்தது, வேறு வினை வந்தது. காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் கிளம்பினார்கள். 1948-இல் சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை விட்டே குவித்துப் போட்டு எரிக்க வைத்தார்கள். 1954-இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸுக்கு எதிராகப் புத்தகம் எழுத, செனட் சபை விசாரணை வரை போனது. அதே ஆண்டு பதிப்பாளர்களே தங்களுக்குத் தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 1956-இல் இளம் வயதினருக்குக் கேடு செய்யும் பிரசுரங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. "கதைப் புத்தகம் படிக்கிற நேரத்துல பாடத்தைப் படி" என்பது நம் வீடுகளில் மட்டும் கேட்ட குரல் என்று நினைத்திருந்தேன். உலகப் பொதுமறையாகவே இருந்திருக்கிறது.

தமிழ்க் காமிக்ஸின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். நியூஸ்பிரின்ட் தாள், இரண்டு மூன்று ரூபாய் விலை. படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து, அது நாலு வீடு சுற்றி, அட்டை போய், கடைசியில் கடலை மடிக்கப் போகும். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. மிஞ்சியது பரணில் மறந்துபோனவைதான்.

பரணில் மறந்ததற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். 2013-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் பழைய வீடு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி இடித்துப் பழுது பார்த்தார். குளிர் புகாமல் இருக்கச் சுவருக்குள் பழைய காகிதங்களை அடைத்திருந்தார்கள். அதற்குள் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ்! பார்க்க வந்த உறவினர்களிடையே இழுபறியில் பின் அட்டை கிழிந்துபோனது. கிழிந்தும் 1,75,000 டாலருக்கு விற்றது. கிழியாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ ஆயிரம். அட்டையில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும், சொந்தக்காரர்கள் முன்னால் இரட்டை நிதானம் வேண்டும்.

கெமிஸ்ட்ரி பாடம்

இப்போது நம் பாடத்திட்டத்துக்குள் வருகிறேன். காமிக்ஸ் தாள் ஏன் மஞ்சளாகிறது?

நியூஸ்பிரின்ட் என்பது மரத்தை எந்திரத்தில் அரைத்துச் செய்யும் மலிவுத் தாள். மரத்தில் செல்லுலோஸோடு லிக்னின் என்ற பொருளும் இருக்கிறது. நல்ல தாளில் லிக்னினைப் பெருமளவு நீக்கிவிடுவார்கள், நியூஸ்பிரின்டில் நீக்குவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகும், அமிலத்தையும் உண்டாக்கும். முதல் வருஷம் லேபில் பி.எச். தாளை நனைத்து நிறம் பார்த்தோமே, அதே அமிலத்தன்மைதான். அது செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் மாதிரி உடையும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அடுத்த எதிரி நடுவில் இருக்கும் கம்பிப் பின். ஈரத்தில் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கி, நடுப் பக்கம் கழன்று வரும். அதற்கடுத்து ராமபாணப் பூச்சி, கரையான். எல்லாவற்றுக்கும் மேலான எதிரி நாம்தான். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுகிறோமே, அதைப் போலக் கெடுதல் எதுவும் இல்லை. சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் எண்ணெய்க் கறையாகத் தாளுக்குள் நிற்கும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் கிடையாது.

வெளிநாட்டில் பாலியஸ்டர் உறையில் போட்டு, அமிலம் இல்லாத அட்டையைப் பின்னால் வைத்து, நிற்க வைத்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். நம்மால் முடிந்ததைச் சொல்கிறேன். தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வேண்டாம். வெயில் படாத இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது. கடைகளில் கிடைக்கும் கெட்டியான பி.வி.சி. உறையில் நிரந்தரமாக வைத்தால் அந்தப் பிளாஸ்டிக்கே பிசுபிசுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வேப்பிலையை நிழலில் நன்றாகக் காயவைத்துத் தனித் துணியில் முடிந்து தட்டின் மூலையில் போடலாம், புத்தகத்துக்குள் போடக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். எங்கள் வீட்டில் பீரோ இல்லை. அம்மாவின் ரேஷன் அரிசி டிரம் ஒன்று காலியாக இருந்தது, அதில்தான் வைத்திருக்கிறேன்.

விலை பேசும்போது இந்த நிலைமையைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 0.5 முதல் 10 வரை மார்க் போடுவார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் புத்தகத்தைச் சோதித்து மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிக் கொடுக்கிறது. மூடியபின் படிக்க முடியாது! படிக்க முடியாத புத்தகத்துக்குத்தான் அதிக விலை என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வருத்தமும்தான். மங்கிய அட்டைக்கு வண்ணம் பூசியது, ஓரம் வெட்டியது, கிழிசலை மறைத்தது எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிச் சீர்செய்த புத்தகத்துக்கு விலை இறங்கும். மேல்கோடு, மடிப்பு, கறை, பேனா எழுத்து இவற்றுக்கும் மார்க் குறையும். பேனா எழுத்து என்றால் பெரும்பாலும் புத்தகத்தை வாங்கிய பிள்ளையின் பெயர்தான்.

எல்லாரும் பத்திரப்படுத்தினால்?

பழைய காமிக்ஸுக்கு இவ்வளவு விலையா என்று தெரிந்ததும் அமெரிக்காவில் 1990-களில் எல்லாரும் புதுக் காமிக்ஸை வாங்கிப் பூட்டி வைக்க ஆரம்பித்தார்கள். 1991-இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளில் போட்டார்கள். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார். 1992-இல் சூப்பர்மேன் இறந்துபோகும் இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள். பலர் உறையைப் பிரிக்கவே இல்லை, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க உதவும் என்று வைத்துக்கொண்டார்கள். சூப்பர்மேன் அடுத்த வருஷமே உயிரோடு திரும்பி வந்துவிட்டார், போட்ட பணம்தான் வரவில்லை. எல்லாரிடமும் இருக்கிற பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்? கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. எக்ஸ்-மென் அந்த முதல் இதழ் இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது.

நஷ்டத்தில் இருந்த மார்வெல் தன் ஹீரோக்களைப் படக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. 2000-இல் எக்ஸ்-மென், 2002-இல் ஸ்பைடர்மேன் படங்கள் வந்து ஓடின. 2008-இல் மார்வெல் தானே அயர்ன் மேன் எடுத்தது. 2009-இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. திவாலான கம்பெனிக்குப் பன்னிரண்டு பதிமூன்று வருஷத்தில் வந்த வாழ்வு இது.

படம் வந்தால் பழைய இதழின் விலையும் ஏறும். அயர்ன் மேன் முதலில் வந்தது 1963-இல் ஒரு கதம்பப் பத்திரிகையின் 39-ஆவது இதழில். பிளாக் பேந்தர் 1966-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52-ஆவது இதழில். இரண்டும் அட்டை விலை 12 சென்ட். ஸ்பைடர்மேன் முதலில் வந்த 1962 இதழும் 12 சென்ட்தான். அதன் நல்ல பிரதி ஒன்று 2021-இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. படம் வரப்போகிறது என்று அறிவித்ததும் வாங்கி, வெளியாவதற்குள் விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் கதையைப் படித்திருப்பார்களோ!

படம் முடிந்த பிறகு ஓடும் எழுத்து

2019-இல் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் தமிழில் வந்தபோது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல், வசனம் முருகதாஸ். குரல் பொருந்தவில்லை என்று ஊரெல்லாம் பேசினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. டோனி ஸ்டார்க் பட்டறையில் கரி அப்பிக்கொண்டு வேலை செய்கிறவர், அவர் நம் பேச்சு பேசினால் என்ன குறைந்துவிடும்? மெக்கானிக்கல் எடுத்ததற்குக் காரணம் கேட்டால் வீட்டில் ஒன்று சொல்வேன், உண்மைக் காரணம் அந்தப் பட்டறைதான்.

அன்று தியேட்டரில் ஒன்றைக் கவனித்தேன். இந்தப் படங்களில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு குட்டிக் காட்சி வரும் என்று யாரும் எழுந்து போவதில்லை. அதுவரை திரையில் பெயர்கள் ஓடும். அத்தனை பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரும் படிப்பதில்லை. நானும்தான். சீகல் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 2025-இல் வந்த சூப்பர்மேன் படத்தில் சீகல், ஷஸ்டர் பெயர்கள் வருகின்றன. பேட்மேனைப் பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974-இல் இறந்தார். அவர் பெயரை அதிகாரபூர்வமாகப் போட ஒத்துக்கொண்டது 2015-இல். நாற்பது வருஷம் கழித்து ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் குடும்பத்தார் போராடியிருக்கிறார்கள் என்றால், பெயர் என்பது சாதாரண விஷயம் இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. ஆனால் புரிந்ததற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சாக்கு என்ன ஆனது

அந்த 27 புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் முதல் பக்க மேல்மூலையில், நீல மையில், அழகான கையெழுத்தில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் இருந்தது. கீழே வாங்கிய தேதி. எல்லாம் 1986, 1987. ஏதோ ஒரு அப்பா மகளுக்கு மாதா மாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் நினைக்கவில்லை.

நாலு புத்தகம் கரையான் தின்றது, அது எடைக்கே போனது. எட்டு ராணி காமிக்ஸை என் மாதிரி சேர்க்கிற ஒரு பையனிடம் கொடுத்து ஆறு முத்து காமிக்ஸ் வாங்கினேன். நம் ஆட்களிடம் மாற்றிக்கொள்வது இப்படித்தான். அவரவர் தன்னிடம் இல்லாத நம்பர்களை எழுதி வைத்திருப்பார்கள், அந்த நம்பர் கிடைத்தால் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று கூடக் கொடுப்பார்கள். 2012-இல் லயன், முத்து புத்தகங்கள் புதுப் பொலிவோடு மறுபடி வர ஆரம்பித்து, மாயாவி, ஸ்பைடர் கதைகள் மறுபதிப்பாகவும் வந்துவிட்டன. இருந்தாலும் பழைய நம்பருக்கு ஏக்கம் குறையவில்லை. கதை கிடைத்துவிடுகிறது, சின்ன வயசு கிடைக்கவில்லை போலும்.

முதல் வருஷம் இரண்டாவது செமஸ்டரில் எனக்குப் பணம் தேவைப்பட்டது. பக்கத்து டவுனில் காமிக்ஸ் சேர்க்கும் அண்ணன் ஒருவர் 14 லயன் காமிக்ஸைப் பார்த்துவிட்டு, "புக் முந்நூறு ரூபா தரலாம் தம்பி. ஆனா பேனாவுல பேர் எழுதியிருக்கே, அம்பது கொறையும்" என்றார். தலா 250 வீதம் 3,500 ரூபாய். 48 ரூபாய்ச் சாக்கிலிருந்து! வீட்டில் கொடுத்தபோது அம்மா நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். அப்பா மட்டும், "அந்த வீட்டுக்காரம்மாவுக்கு இது தெரியுமாடா?" என்று கேட்டார். எடைக்குப் போட்டது அவர்கள்தானே என்றேன். அப்பா பேசவில்லை.

ஒரே ஒரு ஸ்பைடர் புத்தகம் மட்டும் விற்காமல் இருந்தது. காரணம் பாசம் இல்லை. அட்டை இல்லை, அதனால் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

போன வருஷம் ஆடி மாதம் அப்பா ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவில் அப்பாவை அடையாளம் கண்டு, "அண்ணே, எங்க அப்பா தவறினப்போ எங்கம்மா ஒரு காமிக்ஸ் மூட்டைய உங்ககிட்ட போட்டாங்களே" என்று கேட்டிருக்கிறார். அப்போது அவர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்திருக்கிறார், அவருக்குத் தெரியாது. நான் டிரம்மிலிருந்து அந்த அட்டை இல்லாத ஸ்பைடரை எடுத்துக் கொடுத்தேன். அக்கா கதையைப் பார்க்கவில்லை. முதல் பக்க மூலையைத்தான் பார்த்தார். விரலால் தொடக்கூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "அப்பா எழுத்து" என்றார். பிறகு, "மத்ததெல்லாம் எங்க தம்பி?" என்றார்.

"எடைக்குப் போயிருச்சுக்கா" என்றேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

ஐம்பது ரூபாய் குறைத்த அந்தப் பேனா எழுத்துக்குத்தான் அக்கா இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கிளம்பும்போது எனக்கு நூறு ரூபாய் கொடுக்க வந்தார். வாங்கவில்லை. அந்த மட்டில் புத்தி இருந்தது.

மறு வாரம் டவுன் அண்ணனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து தேடி, தன்னிடம் மிஞ்சியிருந்த ஐந்தை, எனக்குக் கொடுத்த அதே 250 ரூபாய்க்கே திருப்பித் தந்தார். 1,250 ரூபாயை மாதம் கொஞ்சமாக, சாயங்காலம் லேத் பட்டறையில் வேலை பார்த்து அடைத்துவிட்டேன். பாக்கி ஒன்பதும் கை மாறிவிட்டன. நாலு ஈரோட்டுக்கு, மூன்று சென்னைக்கு. ஒன்று எங்கே என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஒன்றை வாங்கியவர் மருந்து போட்டு மூலையில் இருந்த பெயரை அழித்துவிட்டாராம், மார்க் ஏறும் என்று. அழித்தால் தாளில் தடம் நிற்கும், விலை இன்னும் குறையும். மேலே பாடத்தில் சொன்னேனே, அதுதான். ஈரோட்டுக்காரர் இரண்டு தர ஒத்துக்கொண்டிருக்கிறார், பதிலுக்கு என்னிடம் இருக்கும் முத்து காமிக்ஸில் மூன்று கேட்கிறார். கொடுத்துவிடுவேன்.

ஐந்து புத்தகமும் டிரம்மில் இருக்கின்றன. அக்காவுக்கு அப்பாதான் போன் செய்தார், அரையாண்டு லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எடைக்குப் போகவில்லை, விற்றது நான்தான் என்பதை நேரில் நான் சொல்வதாக இருக்கிறேன்.

இந்த மலர் பல ஊருக்குப் போகும். உங்கள் வீட்டிலோ, மாமா சித்தப்பா வீட்டிலோ 1986, 1987 தேதியோடு, முதல் பக்க வலது மேல்மூலையில் நீல மையில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் எழுதிய லயன் காமிக்ஸ் இருந்தால், தயவுசெய்து எதையும் அழிக்காமல், டேப் ஒட்டாமல், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் வந்து என்னைப் பாருங்கள். விலை பேசிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள என்னிடம் முத்து காமிக்ஸ் இன்னும் மூன்று மிஞ்சும்.